பேசுவதற்கு முன் எழுதுங்கள்: பர்கண்டியும் என் இரண்டாம் முயற்சியும்

எழுத்துத் தேர்வில் தேறியும் சுவைத் தேர்வில் மட்டும் 55 விழுக்காட்டைத் தொடாமல் நின்றுபோன நான், சென்ற வாரம் வந்த முடிவில் ஒருவழியாக டபிள்யூ.எஸ்.இ.டி. என்னும் வைன் கல்வி அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வைக் கடந்துவிட்டேன். சுவைத் தேர்வு என்பது அரை மணி நேரத்தில் இரண்டு கோப்பை வைன்களைச் சுவைத்து எழுதுவதுதான். தவறியதும் தேறியதும் பிரான்சின் பர்கண்டி வட்டார வைன்களைப் பழகிய விதத்தால் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் முறை எங்கள் குழுவின் ஆறு பேரும் லேபிளைப் பார்த்துக்கொண்டேதான் சுவைத்தோம். குரல் கனத்த நண்பர் ஒருவர் "மெர்சோ, வெண்ணெய் மணம்" என்று பர்கண்டியின் ஒரு வெள்ளை வைன் ஊரைச் சொன்னதும் ஆறு தாளிலும் வெண்ணெய் ஏறியது. அந்தப் பழக்கமே தேர்வறைக்கும் வந்தது. வெள்ளை வைனில் ஓக் மரப்பீப்பாயின் மணத்தை முகர்ந்தவுடன் மெர்சோ என்று முடிவுகட்டி, புளிப்பு மிகுதி என்று காட்டும்படி வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தபோதே அதை "நடுத்தரம்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றினோம். ஆளுக்கு 50 மில்லி. 12 நிமிடம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு குழுவிலேயே அதிகம் பேசாதவர் முதலில் வாசிக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான் என்பதால் இந்த விதி எனக்கு அதிகமாகவே பிடித்திருக்கலாம்.

மிகவும் பயன்பட்டது வோல்னே, பொமார் இணைதான். இரண்டும் பர்கண்டியின் அடுத்தடுத்த ஊர்கள், இரண்டின் வைனும் பினோ நுவார் என்னும் சிவப்பு வைன் திராட்சையில் ஆனதுதான். ஒரே வணிகர் தயாரித்த ஒரே ஆண்டுப் புட்டிகளாக வாங்கியதால், கைப்பக்குவத்தைவிட மண்ணின் வேறுபாடே முன்னுக்கு வந்தது. வோல்னே மணத்தால் நின்றது. களிமண் கூடுதலான பொமாரோ கொட்டைப்பாக்கைக் கடித்தாற்போல ஈறைப் பிடித்தது. துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணி வளர்ந்த நாக்குக்கு வைனில் துவர்ப்பைத் தரும் டானினின் அளவைப் பிரித்தறிவது அவ்வளவு கடினமல்ல.

பர்கண்டியின் வடகோடி வெள்ளை வைனான ஷாப்லியைத் தெற்கிலுள்ள மாக்கோனின் வெள்ளை வைனுடன் வைத்துச் சுவையுங்கள். வடக்கின் குளிர் புளிப்பில் தெரியும். கிராண்ட் க்ரூ எனப்படும் உச்சத் தரத் தோட்ட வைன்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், ஊர்ப்பெயர் வைன்களே போதும். ஏறத்தாழ 50 ஹெக்டேர் உள்ள க்ளோ த வூஜோ என்னும் கிராண்ட் க்ரூ தோட்டத்தை 80 பேர் அளவில் பங்கிட்டு வைத்திருக்கும்போது, அந்தப் பெயர் கோப்பையில் இருப்பதைப் பற்றி என்ன சொல்லிவிடும்? துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். தேர்வன்று பற்பசையையும் காப்பியையும் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.