இரண்டு கட்டையில் ஜாஸ்: எதை முதலில் கழற்றுவது?

1960களில் ஜாஸ் கட்டறுந்தது என்றதும், பழையதையெல்லாம் ஒரேயடியாக வீசிவிட்டு வாசித்தார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். பதிவுகளைக் கேட்டால் வேறு கதை தெரியும். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கழற்றினார்கள்; மற்றதை முன்னிலும் இறுக்கிப் பிடித்தார்கள்.

அதற்கு முந்திய வேகமான ஜாஸ் பாணியான பீபாப்பில் இரண்டு, நான்கு அடிக்கு ஒருதரம் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும். 1959இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'ஸோ வட்' (So What) என்ற பாட்டில் அந்த ஓட்டத்தை நிறுத்தி, ஒரே சுரவரிசையை நீள நீட்டினார். பாட்டின் வடிவமும் தாளமும் அப்படியே நின்றன. அதே ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மன், கோர்ட் பிடிக்கும் பியானோவையே விட்டுவிட்டு வாசித்தார். மைல்ஸின் 1966 குழுவில் சில பாடல்களில் ஊதுபவர்களுக்குப் பின்னால் பியானோ மௌனமாகிவிடும். ஆனால் ரொன் கார்ட்டரின் பேஸும் டோனி வில்லியம்ஸின் ட்ரம்ஸும் காலத்தை விடவே இல்லை. முதலில் கோர்ட், பிறகு சுற்று (பாட்டு திரும்பத் திரும்ப வரும் அளவு), கடைசியாகத்தான் தாளம். பழகவும் இதுவே நல்ல வரிசை.

'ஸோ வட்' இந்த யாழ்ப்பாண மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும். அதன் சுரங்கள் இரண்டு கட்டைக் (D சுருதி) கரகரப்ரியா ராகத்தின் சுரங்கள். நான்கு அடி கொண்ட 32 பார் என்பது எட்டு அட்சர ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம் (தாள வட்டம்): எட்டு ஆவர்த்தனம் இரண்டு கட்டையில், நான்கு அரைச் சுரம் மேலே இரண்டரைக் கட்டையில், மீண்டும் நான்கு இரண்டில். இரண்டு கட்டை நாதஸ்வரம், கீபோட், பேஸ் கிற்றார், தவில் இருந்தால் போதும்.

சிக்கல் முதலில் கீபோட்டில் வரும். கரகரப்ரியாவின் காந்தாரமும் நிஷாதமும் அசைந்து வருபவை. கீபோட் அவற்றை அசையாமல் அழுத்திப் பிடித்தால் அந்த அசைவு, அதாவது கமகம், பிசிறடிக்கும். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 'ஸோ வட்'டில் வாசித்த இரண்டு கோர்ட்களைப் பாருங்கள். முதலாவது கீழிருந்து மேலாக ரி, ப, ஸ, ம, த. அதில் காந்தாரமும் இல்லை, நிஷாதமும் இல்லை! இரண்டாவதில் இரண்டும் உண்டு. ஆகவே நாதஸ்வரம் கமகத்தோடு ஊதும்போது கீபோட் முதற் கோர்ட்டிலேயே நிற்கட்டும், அதையும் இடைவெளி விட்டுத் தொடட்டும். இரண்டாவதை நாதஸ்வரம் மூச்செடுக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரைக் கட்டைக்கு மாறும் நான்கு ஆவர்த்தனத்தில் நாதஸ்வரத்தை வருத்த வேண்டாம். அந்த இடம் கீபோட்டுக்கும் பேஸுக்கும். திரும்ப இரண்டு கட்டை வரும்போது நாதஸ்வரம் நுழைந்தால் சுருதி மாற்றத்தின் சுகம் இன்னும் எடுப்பாகத் தெரியும். குழல் சூடேறச் சுருதி கூடும் என்பதால் பத்து நிமிடம் ஊதியபின் சுருதி ஒத்துப் பாருங்கள். கீபோட்டின் சுருதியை நாதஸ்வரத்துக்கு ஏற்றவாறு நகர்த்துங்கள்.

ஜாஸின் ஸ்விங் நடையில் அட்சரம் மூன்றாகப் பிரியும்; முதலாவதும் மூன்றாவதும்தான் ஒலிக்கும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை கைவந்த தவில்காரர் மூன்றையும் நிரப்பிவிடுவார், ஸ்விங் அங்கேயே செத்துப்போகும். நடுவை வெறுமையாக விடுவதை மட்டும் தனியாகப் பழகவேண்டும்.

இனிச் சுற்றைக் கழற்றலாம். 16 ஆவர்த்தனக் கணக்கு போனால், எப்போது திரும்புவது என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று முறை வரும் தீர்மானத்தை (முடிவைக் காட்டும் தவில் சொற்கட்டை) அடையாளமாக வையுங்கள்; இணுவில், அளவெட்டி மேளங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு சைகை தேவையில்லை. ஆனால் வழக்கம்போல அடிக்கடி தீர்மானம் வைத்தால், திறந்த இடம் திறக்குமுன்னே மூடிவிடும். திரும்புவதற்கு மட்டுமே அது.

தாளத்தைக் கழற்றுவது நமக்கு எளிது என்று தோன்றும், தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை இருக்கிறதே என்று. பாதி உண்மை. ஆலாபனையின் இடைவெளிகளில் தவில் பதில் சொல்லும். இங்கே தவில் நாதஸ்வரத்தோடு ஒரே நேரத்தில், அதை மூடாமல், பேசவேண்டும். உருட்டுச் சொற்களைக் (விரைந்து அடுக்கும் அடிகளை) குறைத்து, ஒற்றை அடிகளும் நீண்ட இடைவெளிகளும் போதும்.

எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது வெறும் சத்தமாகிவிடுவதற்குக் காரணம், எல்லோரும் ஒரே ஸ்தாயியில் நெருங்குவதுதான். பழைய நியூ ஓர்லியன்ஸ் குழுக்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன: பாட்டு கோர்னெட்டில், மேலே கிளாரினெட், கீழே ட்ரொம்போன். கோல்மன் 1960 டிசெம்பர் 21 அன்று இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக வைத்து ஏறத்தாழ 37 நிமிடம் பதிவுசெய்தபோதும், ஒவ்வொரு தனி வாசிப்புக்கு முன்னும் எழுதிவைத்த கூட்டுப் பகுதி வந்துகொண்டிருந்தது. அந்த ஒழுங்கு இல்லாமல் அவ்வளவு நேரம் தாங்காது. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் இருந்தால் கீபோட் மத்திய ஸ்தாயிக்குக் கீழே இறங்கவேண்டும்.

தவில் வெளிவீதிக்கென்று அமைந்த வாத்தியம். மூடிய அறையில் பேஸை விழுங்கிவிடும். ஒத்திகைக்கு மிருதங்கம் வைத்துக்கொள்வது நல்லது. தவில்தான் வேண்டுமென்றால் பேஸ் ஒலிபெருக்கியை நாதஸ்வரக்காரரின் காலடியில் வையுங்கள். சுற்றும் தாளமும் போனபின் அவர் பிடித்துக்கொள்ள மிஞ்சுவது அந்தப் பேஸ் மட்டுமே.