கிழக்கு செவுரு

செப்டம்பர் 12
நைட்டு மறுபடியும் ஒரு பத்தை பேந்து சன்ஷேட் மேல விழுந்து கீழ தெறிச்சுது. அப்பா முழிச்சுட்டாரு. பூனைப்பான்னேன். "பூனையாவது, பூச்சு விழுது"ன்னாரு. இவ்ளோ மாத்திரைக்கும் காது மட்டும் கில்லி.

செப்டம்பர் 14
முதல் கான்ட்ராக்டர் வந்துட்டுப் போனாரு. வண்டில உக்காந்தபடியே போன்ல ரெண்டு போட்டோ எடுத்தாரு, புட்டி வச்சு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சா அஞ்சு வருஷம் கேரண்டின்னாரு, டேப் எடுத்து அளக்கவே இல்ல, ஆனா மொத்தம் 85,000, பாதி அட்வான்ஸ். நான் கரண்டிக் காம்பால செவுத்த தட்டிக் காமிச்சேன். ஜன்னலுக்குக் கீழ டங்குன்னு கேக்குது, ஜன்னலுக்கு மேல லின்டல் கிட்ட பொதபொதன்னு கேக்குது. உள்ள பூச்சு செங்கல விட்டு நிக்குது, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா பெயிண்டும் சேந்துதான விழும்னு கேட்டேன். "அதெல்லாம் எங்க ஆளு பாத்துப்பான் மேடம்." பாத்துப்பான்.

செப்டம்பர் 15
பொதபொதன்னு கேக்குற எடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டேன். செவுத்துல பாதிக்கு மேல வட்டம்.

செப்டம்பர் 19
ரெண்டாவது ஆளு ஒழுங்கா அளந்தாரு, நல்லா பேசுனாரு, 5,000 டோக்கன் வாங்குனாரு, திங்கக்கெழம சாரம் கட்ட ஆளு வரும்னாரு. திங்கக்கெழமயும் போச்சு. போன் எடுக்கல. புரட்டாசி பொறந்தாச்சு, ஐப்பசிக்கு முன்னாடி இந்த செவுரு முடியணும், வேற எதுவும் எனக்கு இப்ப ஓடல.

செப்டம்பர் 22
அப்பாவுக்கு இருமல். நெபுலைசர் ரெண்டு தடவ.

செப்டம்பர் 24
ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி ஒரு மேஸ்திரி வந்தாரு, அறுவது வயசு இருக்கும். வந்ததும் செவுத்தப் பாக்கல, நேரா மொட்டமாடிக்குப் போனாரு. கைப்பிடிச் செவுத்து மேல முடி மாதிரி ஓடுற வெடிப்புல தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஒரு சொம்பு ஊத்துனேன், அப்படியே குடிச்சுது. "தண்ணி இங்கருந்து எறங்குதும்மா, கீழ நீ எத்தன பூசுனாலும் நிக்காது"ன்னாரு. அப்புறம் சன்ஷேட் அடிய தடவிப் பாத்து, இங்க ஒரு காடி, பள்ளமா ஒரு கோடு மாதிரி, விட்டிருந்தா தண்ணி ஓரத்துலயே சொட்டிருக்கும், இது உள்ள வழிஞ்சு செவுத்துக்கு வருதுன்னாரு. ஓரத்துல கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட தள்ளிக்கிட்டு வெளிய எட்டிப் பாக்குது.

அப்பா கட்டில்லருந்தே சண்டைக்கு வந்துட்டாரு. இது பெண்ணையாத்து மணல், 1989ல நானே லோடு கூட நின்னு எறக்குனேன், கடல் மணல்னு எவனாவது சொன்னா நடக்கறதே வேறன்னு. மேஸ்திரி அத சொல்லவே இல்ல. உப்பு பூக்குதேன்னுதான் கேட்டாரு. தேவனாம்பட்டினம் கடக்கரைக்கு இவ்ளோ கிட்ட இருந்துக்கிட்டு உப்புக்கு மணலயா கொற சொல்றது, காத்தே உப்புதான. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடல் பக்கம் பாத்து நின்னது இந்த செவுரு. அன்னைலருந்துதான் இது இப்படின்னு அம்மா சொல்லிட்டே இருக்கும்.

கான்ட்ராக்ட் வேணாம், தெனக்கூலின்னு பேசியாச்சு. கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 700, சாமான் நம்ம வாங்கித் தரணும். தெனக்கூலின்னா இழுப்பாங்கன்னு சித்தப்பா போன்ல கத்துறாரு. இழுக்கட்டும். சதுர அடிக் கணக்குல பேசுனா ஓட்டமா ஓடிருவாங்க, அது தேவலயா?

செப்டம்பர் 28
பூச்சுக்கு பி சாண்ட் மணல் வந்துடுச்சு. சாரத்துக்கு சவுக்குக் கம்பும் வந்துடுச்சு. ஆளு வரல, அமாவாசை கழியட்டுமாம்.

அக்டோபர் 3
பழைய பூச்ச கொத்த ஆரம்பிச்சாச்சு. அப்பாவ ஹாலுக்கு மாத்தி, ரூம் கதவு இடுக்கெல்லாம் ஈரத்துணி சொருகியும் தூசி வருது. செவுரு சரியானா மூச்சு சரியாகும்னு பாத்தா, சரி பண்றதுலயே மூச்சு வாங்குது அவருக்கு. சாயங்காலம் செங்கல் தெரியுது, செக்கச்செவேல்னு. அத நாற்காலி போட்டு உக்காந்து பாத்தாரு. "நல்ல செங்கல்"னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

அக்டோபர் 4
உப்ப மொதல்ல காஞ்ச பிரஷ்ஷால தேச்சு எடுத்தாங்க, தண்ணி விட்டா திரும்ப உள்ளயே போயிடுமாம். செங்கல் சந்த நோண்டி விட்டு, தூணும் செவுரும் சேர்ற எடத்துல கோழி வலை அடிச்சாங்க. பழைய பூச்சுல சரியா அந்தக் கோட்டுலதான் மேலருந்து கீழ வரைக்கும் வெடிப்பு இருந்துச்சு.

அக்டோபர் 6
மொத கோட்டு. சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் நாலு, அந்தக் கலவை. நான் பக்கத்துலயே நின்னேன், சித்தாள் அக்கா சிரிக்குது, "எண்ணிக்கோ பாப்பா"ன்னு. கலந்தத அரைமணி நேரத்துல பூசிடணும், எறுகிப் போனதுல தண்ணி ஊத்தி திரும்ப கலக்கக் கூடாது. சின்னப் பையன் ஒருத்தன் அதத்தான் செஞ்சான், மேஸ்திரி அந்தச் சட்டிய அப்படியே கவுத்துட்டாரு. எனக்கு என்னமோ அழுகை வந்துடுச்சு. சிமெண்ட் மூட்ட காசு என்னோடது, வந்தது சந்தோஷத்துலதான்.

அக்டோபர் 8
ரெண்டாவது கோட்டு முடிஞ்சுது. மேல வழவழப்புக்கு வெறும் சிமெண்ட் தூவி தேய்ப்பீங்களான்னு கேட்டேன். வேணாம்மா, வலை வலையா வெடிக்கும், மரக்கட்டையால தேச்சதோட நிறுத்திக்கலாம்னாரு. சன்ஷேட்டுக்கு அடியில காடியும் போட்டாச்சு. கைப்பிடிச் செவுரு மட்டும் பாக்கி.

அக்டோபர் 9
காலைலயும் சாயங்காலமும் ஓஸ் புடிச்சு தண்ணி. அப்பா ஜன்னல் வழியா மேற்பார்வை. "மூலைல படல." படல, படல, படல. ஒரு வாரம் குறையாம நனைக்கணுமாம், பெயிண்ட் பத்தி ஒரு மாசத்துக்கு பேசவே கூடாதாம்.

அக்டோபர் 11
ஆயுத பூஜை. கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாத்துக்கும் பொட்டு வச்சு பொரிகடலையோட நம்ம திண்ணைலயே பூஜை போட்டாங்க. கூலிய கணக்கு முடிச்சு, மேல ஆளுக்கு 500 குடுத்தேன். எல்லாரும் ஊருக்கு. கைப்பிடிச் செவுரு திங்கக்கெழம.

அக்டோபர் 14
திங்கக்கெழம. மழை.

அக்டோபர் 15
சென்னைக்கு நாளைக்கு ரெட் அலர்ட்டாம், இங்கயும் விடாம கொட்டுது. தார்ப்பாய கைப்பிடிச் செவுத்து மேல போட்டு செங்கல் வச்சேன், காத்து தூக்குது, திரும்ப வச்சேன். வெடிப்புல தண்ணி போகுதோ என்னமோ. புதுப் பூச்சுக்கு இனிமே ஓஸ் வேணாம், வானமே பாத்துக்கும். உள்பக்கம் லின்டல் கிட்ட கை வச்சா ஜில்லுன்னு இருக்கு. ஈரமா, வெறும் ஜில்லான்னு தெரியல. அப்பாவ தொட்டுப் பாக்க சொன்னேன், ஈரம் இல்லன்னாரு. அவரு எப்பவும் இல்லன்னுதான் சொல்லுவாரு.

அக்டோபர் 17
மழை விட்டிருக்கு. மேஸ்திரி போன் பண்ணாரு, நாளைக்கு காலைல வந்து கைப்பிடிச் செவுத்த கொத்திடுறேன்னாரு. நாளைக்கு 9 மணிக்கு அப்பாவுக்கு ஸ்கேன். சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுக்கணும், தூசி வரும்னு சொல்லணும், சிமெண்ட் ரெண்டு மூட்ட இன்னும் சொல்லல