செவலையை விற்ற நாள்

வாங்க வந்தவர் முதலில் எங்கள் குதிரை செவலையின் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்த்தார். வயசு தெரியணுமாம்.

சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

மார்வாரி இனப் பெட்டை. காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வந்தது. வியாசர்பாடி பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்ச் சம்பாதித்ததைவிட, அது போட்ட குட்டிகள்தான் எங்கள் வீட்டைக் கரையேற்றின.

குதிரைக்குச் சினை கிட்டத்தட்ட 11 மாதம். பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். அதனால் கடைசி வாரங்களில் சித்தப்பா கொட்டகையிலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வார்.

"என் பிரசவத்துக்குக்கூட இந்த மனுஷன் இப்படி முழிச்சதில்ல" என்பார் சித்தி.

தீனி விலை ஏறிவிட்டது, கொட்டகையையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சரி, யாரைச் சொல்லி என்ன.

வந்தவர் பேரமே பேசாமல் கேட்ட பணத்தை எடுத்து வைத்தார். சித்தப்பாவுக்கு அதில்தான் கோபம். "கொஞ்சம் இழுத்திருந்தா தரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்டா."

பேரம் முறியணும் என்று விற்கிறவனே வேண்டிக்கொள்கிற வியாபாரம் வேறு எங்கே நடக்கும்?

வண்டி கிளம்புகிற நேரத்தில் சித்தப்பா ஓடிப்போய் டிரைவர் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொன்னார்: "இந்த வருஷம் சினைக்குச் சேர்க்காதீங்க. போன ஈத்துல ரொம்பக் களைச்சுப் போச்சு."