தாத்தாவின் ரைஃபிளும் திறக்காத போல்ட்டும்

ஜூன் 8, 2024, சனி

தேர்தல் நடத்தை விதிகள் விலகிவிட்டதால், தேர்தலுக்காக மார்ச்சில் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்த ரைஃபிளை இன்று ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வந்தேன். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 அங்குல அளவு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் தடை இருந்ததால்தான் இந்த அளவு இங்கே பரவியது. உள்ளே இருப்பது அந்த ராணுவ ரைஃபிளின் அதே லீ என்ஃபீல்ட் அமைப்பு. தாத்தா காட்டுப்பன்றிக்காக வாங்கியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர் வேட்டைக்குப் போகவே இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை துடைத்து வைப்பதை மட்டும் கடைசி வரை விடவில்லை.

கடையில் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் கைப்பிடி வைத்த உருளையை, இழுத்துக் காலி என்று காட்டினார்கள், தடையில்லாமல் ஓடியது. மதியமே படுக்கையறை பீரோவில் வைத்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்குப் பூட்டுவதற்கு முன் தோட்டா உட்காரும் சேம்பரை இன்னொரு முறை பார்க்கலாம் என்று கைப்பிடியைத் தூக்கினால், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்ததும் மெதுவாக, பசையிலிருந்து பிரிகிற மாதிரி எழுந்தது. கடையில் கீழே போட்டுவிட்டார்களோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் ஹாலுக்கு எடுத்து வந்தேன். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பரை முதலில் கண்ணாலும் அப்புறம் சுண்டுவிரலாலும் பார்த்தேன், காலி. அம்மாவுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி தூக்கினேன். சுலபமாக எழுந்தது!

பலம் போட்டுப் பார்ப்பதற்கு முன், எங்கே இறுகுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. கைப்பிடியைத் தூக்கும்போதா, பின்னால் இழுக்கும்போதா, முன்னால் தள்ளும்போதா, கீழே மடக்கும்போதா? தோட்டாவோடு மட்டும் இறுகினால் சேம்பரில் துருவோ அழுக்கோ இருக்கலாம், தோட்டாவே சரியில்லாமல் இருக்கலாம். காலியாக இருக்கும்போதே இறுகினால் கோளாறு போல்ட்டில், அல்லது அது ஓடும் பாதையில். எனக்குக் காலியாகவே இறுகியது. தூக்கும்போதும், தள்ளுகையில் கடைசி ஒரு அங்குலத்திலும்.

அந்தக் கடைசி அங்குலம் இந்த ரைஃபிளில் எப்போதுமே கொஞ்சம் கனம்தான். மௌசர் 98 வகை ரைஃபிளில் போல்ட்டைத் தூக்கும்போதே, தோட்டாவை அடிக்கும் ஊசியின் ஸ்ப்ரிங் இழுபட்டுவிடும். லீ என்ஃபீல்டில் பெரும்பகுதி மூடும்போதுதான் இழுபடும். ஆனால் நேற்று இரவு இருந்தது அந்தக் கனம் இல்லை. ஸ்ப்ரிங் என்றால் கையைத் திருப்பித் தள்ளும். இது தள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டது.

ஜூன் 10, திங்கள்

நேற்று இரவு படுக்கையறையில் மறுபடி இறுகியது. இன்று காலை ஹாலில் மறுபடி சரளம். உடைந்த உலோகம் இப்படி அறைக்கு அறை மாறாது. மரம் ஊதியிருந்தாலும் ஒரே ராத்திரியில் போய் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டில் பரணில் இருந்த பழைய 12 போர் துப்பாக்கியின் மரக்கட்டை ஊதி, காய்ந்து பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆனது.

இரண்டு அறைக்கும் ஒரே வித்தியாசம் ஏசி. அம்மாவுக்காக 22-இல் வைப்போம்.

ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பொறி தட்டியது. தேங்காய் எண்ணெய்.

ஜூன் 11, செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். “ஆயுத பூஜைக்கு எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைக்காம எப்படிப்பா? உங்க தாத்தா காலத்துல இருந்து வைக்கிறதுதானே” என்றார். நான்தான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். கண் முன்னே நடந்தும் எனக்குத் தோன்றவில்லை.

தாத்தா வீட்டில் ஏசி கிடையாது, அதனால் அந்த எண்ணெய் உறையவும் இல்லை. தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில். கடையின் கிடங்கு வெக்கையில் மூன்று மாதம் நீராகி, போல்ட்டுக்குள் ஸ்ப்ரிங் இருக்கும் குழாயில் இறங்கியிருக்கிறது. இங்கே வந்ததும் ஏசியில் மெழுகாகிவிட்டது.

ஊகத்தோடு நிறுத்த மனமில்லை. போல்ட்டைக் கழற்றினேன். பின்னால் இழுத்து, தலைப்பகுதியை மேலே சுண்டிவிட்டால் அது ஓடும் தண்டவாளத்திலிருந்து விடுபடும், அப்புறம் மொத்தமும் கையோடு வந்துவிடும். பின்முனையில் கசிந்திருந்த எண்ணெயை ஒரு எவர்சில்வர் ஸ்பூனில் வழித்து எடுத்தேன். டீ நிறத்தில், தெளிவாக. ஸ்பூனைப் படுக்கையறை மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 12, புதன்

ஸ்பூனில் வெள்ளையாக உறைந்திருக்கிறது. கவிழ்த்தாலும் விழவில்லை.

ஜூன் 15, சனி

போல்ட்டின் வெளிப்புறத்தையும், அது ஓடும் உலோகக் கூடான ரிசீவரையும் நானே சுத்தம் செய்தேன். பெயிண்ட் கடையில் வாங்கிய டர்பன்டைன், பழைய டூத் பிரஷ், பனியன் துணி. பால்கனியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம். வலதுபக்கத் தண்டவாளத்தின் அடியில் பிரஷ் போகாத ஒரு பள்ளம் உண்டு. அதில் ஈர்க்குச்சியில் துணி சுற்றி விட்டேன். மஞ்சளாக ஏதோ பொடி வந்தது. மூக்கருகே கொண்டு போனேன், சந்தன வாசனை. பல வருடத்துச் சந்தனம் எண்ணெயில் ஊறி, காய்ந்து, அரிசியளவு கட்டியாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சிறிது நேரம் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா வைத்த சந்தனமும் அதில் இருக்கும்.

போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியையும் ஸ்ப்ரிங்கையும் நான் தொடவில்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும். தவறாக முறுக்கினால் ஊசியின் நீளமே மாறிப்போகும்.

ஜூன் 18, செவ்வாய்

அண்ணா சாலைப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில், ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் லைசென்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோனேன். ஸ்பூன் கதையைப் பொறுமையாகக் கேட்டார். ஊசியைக் கழற்றி வெளியே எடுத்ததும், ஸ்ப்ரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கு இடையிலும் பழுப்பாகப் பசை. விரலால் தொட்டுக் காட்டினார்.

“அரம் எதுவும் போடலயே தம்பி?”

“இல்லைங்க ஐயா.”

“அது போதும். இறுகுதுன்னு பூட்டுற இடத்தைத் தேய்ச்சுட்டு வர்றாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

லீ என்ஃபீல்டில் பூட்டும் பற்கள் போல்ட்டின் பின்பக்கம். அங்கே கொஞ்சம் தேய்த்தாலும் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடிவிடும். வேறு ரைஃபிளின் போல்ட்டை மாற்றிப் போடக் கூடாது என்பதும் அதனால்தான். போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண் அடித்திருக்கிறதா என்று அவர் முதலில் பார்த்துக்கொண்டார்.

சேம்பரிலும் எண்ணெய்ப் படலம் இருந்ததாகச் சொன்னார். இது எனக்குப் புதிது. சுடும்போது பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் பிடிக்காமல் வழுக்கி, மொத்த விசையும் போல்ட்டின் மேல் விழும். சேம்பர் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. அந்த நிலையில் யாரும் சுட்டிருக்கவில்லை என்பது பெரிய ஆறுதல்.

ஜூன் 22, சனி

வாங்கி வந்தாயிற்று. உள்ளே மெல்லிய மினரல் ஆயில் ஒரு துளி, பற்களில் கடுகளவு கிரீஸ், சேம்பரில் ஒன்றும் இல்லை. இரவு முழுக்க ஏசி அறையில் வைத்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். இரண்டு விரலால் தூக்கினேன், எழுந்தது. இழுத்தேன், வந்தது. தள்ளும்போது கடைசி அங்குலத்தில் ஸ்ப்ரிங் கையைத் திருப்பித் தள்ளியது.

சத்தம் கேட்டு அம்மா எழுந்துவிட்டார். “அப்போ வர்ற பூஜைக்குச் சந்தனம் வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். குரலில் கவலை.

பின்கட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். “இந்த மரத்துல வைம்மா. எண்ணெய் மட்டும் வேண்டாம்.”

அவர் அந்தக் கட்டையை முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.