கிணற்றடியில் கேட்கக் கூடாத கேள்வி

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துவந்த மாஸ்டர் காலமான செய்தி சென்ற மாசியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த நாள்முதல், அவரைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டகலவில்லை. தமது பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. விடுதியில் ஒரு தவணையாவது இருந்தவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையுமில்லை. மாலைச் செபத்தையும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வந்தது, 1983 ஆவணியில் விடுதிக் கிணற்றடியில் அவர் செய்ததைப் பற்றி.

அந்த ஆண்டு ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வீடிழந்தவர்கள் கொழும்பு முகாம்களிலிருந்து கப்பல்களில் வடக்கே காங்கேசன்துறைக்கு வந்திறங்கியபோது, மாஸ்டர் எவரிடமும் அனுமதி கேளாமல் விடுதியைத் திறந்துவிட்டார். விடுமுறைக்கு வீடு போகாமல் நின்ற நாங்கள் கட்டில்களை ஒதுக்கிப் பாய் விரித்தோம். கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். அயலவர்கள் மூட்டை மூட்டையாக அரிசி தந்தார்கள்; அதை நான் நன்றியுடன் நினைக்கிறேன். ஆனால் தந்தவர்களிற் சிலரே, இரண்டு நாள் கழிவதற்குள், வந்தவர்களிடம் "எந்த ஊர், ஊரில் எந்தப் பகுதி" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த விசாரணை சாதியை அறியத்தான் என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். வந்தவர்களுக்கும் விளங்கியது. மலைநாட்டைச் சேர்ந்த பெண்கள் சிலர், யாராவது அள்ளி ஊற்றட்டும் என்று வெறும் வாளிகளுடன் கிணற்றுக்கட்டிலிருந்து தள்ளி நின்றார்கள். மாஸ்டர் கயிற்றை எடுத்து அவர்களுள் மூத்தவரின் கையில் கொடுத்து, "அள்ளுங்கோ அம்மா, இது உங்கட கிணறு" என்றார். அந்த அம்மா அள்ளிய வாளியிலிருந்தே தாமும் வாங்கிக் குடித்தார்.

அன்றிரவு செபத்தில் அவர் வாசித்தது லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம்: உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசிபோல எண்ணுங்கள், நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே என்ற பகுதி. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதன்பின் நெடுங்காலம் அவருடன் முகங்கொடுத்துப் பேசாதிருந்ததையும் அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு நான் கனடாவுக்கு விமானத்தில் வந்தேன். எனக்குக் குளிர்கோட்டும் தங்க ஓர் அறையும் தந்த திருச்சபையில் எவரும் என் ஊரையோ சமயத்தையோ கேட்கவில்லை. அதே சபை, 2016இல், சிரியாவிலிருந்து ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்க முன்வந்தது. ஓராண்டு வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் யாவும் பொறுப்பேற்பவர்களைச் சேர்ந்தவை. கிறிஸ்தவக் குடும்பமாகக் கேட்டால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். நான் கிணற்றடிக் கதையைச் சொன்னேன். ஹோம்ஸ் நகரத்து முஸ்லிம் குடும்பமொன்று எங்களிடம் வந்தது.

1995 ஐப்பசி இறுதியில், போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மாஸ்டரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார். அறுபது வயதைத் தாண்டியவர், யாரோ ஒருவரின் திண்ணையில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தார். அவரிடம் எந்த ஊர், எந்தப் பகுதி என்று எவராவது கேட்டார்களா என்பதை எனக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறிப்பிடவேயில்லை. ஊரைவிட்டு வந்ததற்காக நான் மிகவும் வருந்துவது அந்த மாதங்களை நினைக்கும்போதுதான். அவர் கற்றுத்தந்ததை அவருக்கே செய்ய நான் அங்கு இருக்கவில்லை.

மண்டபமொன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட நமது பழைய மாணவர் சங்கம் எண்ணியிருப்பதை வரவேற்கிறேன். அத்துடன், ஏதாவதொரு திருச்சபையுடன் சேர்ந்து நமது சங்கமும் ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்க வேண்டும் என்று இதன்மூலம் முன்மொழிகிறேன். எந்த நாட்டார், எந்தச் சமயத்தார் என்று நாம் விருப்பம் தெரிவிக்க வேண்டாம். முதல் ஆண்டு வாடகையில் என் பங்கை வருகிற பொதுக்கூட்டத்திலேயே பொருளாளரிடம் ஒப்படைப்பேன்.