ஐந்தாம் நாளே ஈஎம்ஜி எடுக்க ஓடாதீர்கள்

இடது காலில் செருப்பு நிற்கவில்லை, நடக்க நடக்கக் கழன்றது. பாதத்தை மேலே தூக்கவே முடியவில்லை. இரண்டு நாள் குத்துக்காலிட்டுக் கடலைக்காட்டில் களை வெட்டியதன் பலன். நரம்பு டாக்டர் என்சிஎஸ் (நரம்புக்கு ஷாக் கொடுத்து அதன் வேகத்தை அளப்பது), ஈஎம்ஜி (தசையில் ஊசி குத்தி அதன் மின்சாரத்தைப் பார்ப்பது) இரண்டும் எழுதிக் கொடுத்தார்.

எப்போது எடுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் "நாளைக்கே வாங்க" என்று பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார். டெஸ்டுக்குப் போன அன்று, கால் இப்படி ஆகி ஐந்தாம் நாள். இரண்டு பஸ் மாறிப் போய்ப் படுத்தால், டெஸ்ட் எடுக்கும் டாக்டர் தேதியைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். நரம்பிழை சேதமானது தசையில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். "இப்போ ஊசி போட்டா குத்து வாங்கினதுதான் மிச்சம் சார்." கட்டிய பணத்தை அடுத்த முறைக்கு வரவு வைக்கச் சொல்லி கவுன்டரில் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் போன அன்று, அம்மா பாசத்தில் காலெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். எலக்ட்ரோடு ஒன்றும் ஒட்டவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துத் தோல் எரிந்தது. அப்புறம் ஏசியில் பாதம் சில்லிட்டுவிட்டது. குளிர்ந்த காலில் நரம்பின் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 2 மீட்டர் போலக் குறைத்துக் காட்டும் என்று வெந்நீர்ப் பை வைத்துக் காத்திருந்தார்கள். சாக்ஸ் போட்டுப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஷாக் எல்லாம் ரப்பர் பேண்டால் சுண்டிய மாதிரிதான். ஊசியில் கரண்டே கிடையாது, தசை எழுப்பும் மின்சாரத்தை அது ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். சும்மா கிடக்கும் தசை சத்தமில்லாமல் இருக்க வேண்டும். என் முன்கால் தசையோ, ஸ்பீக்கரில் தகரக் கூரை மேல் தூறல் விழுவதுபோல் பொரிந்தது. நரம்புத் தொடர்பு விட்டுப்போன இழைகள் தாமாகத் துடிக்கின்றனவாம்.

அடுத்து ஆடுசதைக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கும் தசை. அந்தக் குத்துதான் உயிரை எடுத்தது. ஆனால் அங்கே அமைதி. முன்கால் தசைக்கு வரும் அதே முதுகு வேரிலிருந்துதான் இதற்கும் நரம்பு வருகிறது, வழி மட்டும் வேறு. வேரில் கோளாறு என்றால் இதுவும் பொரிந்திருக்கும். ஆகவே கோளாறு முதுகில் இல்லை, முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி நரம்பு நசுங்கிய இடத்தில்தான். டிஸ்க், ஆபரேஷன் என்று தெருவே பயமுறுத்தியிருந்தது!

கடைசியில் பாதத்தைத் தூக்கச் சொன்னார். அசையவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் மட்டும் டொக், டொக் என்று இரண்டு மூன்று சத்தம்.

"லைன் முழுசா கட் ஆகல" என்றார்.