பாட்டிலுக்குள் இருந்த வழவழப்பு

"ஒரு மாதிரி பாசி வாசம் வருதும்மா" என்று அப்பா சொன்ன அன்றுதான் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரில், அந்த ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் பாட்டிலைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. விரலில் வழவழத்தது. மூன்று மாதமாகத் தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். முழுசாகக் கொட்டிக் கழுவியதே இல்லை.

அடுத்த சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்து, சளி பச்சையாகி, ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தோம். பாட்டில்தான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த சுவாச சிகிச்சையாளர் கேட்ட முதல் கேள்வியே, "பாட்டில்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்பதுதான்.

அவர் பொறுமையாக விளக்கினார். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கிருமி இருந்தாலும் பெரும்பாலும் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். அப்பாவுக்கு மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் கருவி அப்படியில்லை. உள்ளே இருப்பதை 1 முதல் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளிகளாக்கி நுரையீரலின் அடி வரைக்கும் கொண்டுபோய் விடும். சூடோமோனாஸ், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாக்கள், காசநோய்க் கிருமியின் உறவுக்கார மைக்கோபாக்டீரியாக்கள் எல்லாம் குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடியவை. ஈரமான பிளாஸ்டிக்கில் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். என் விரல் தொட்ட வழவழப்பு அதுதான். அந்த மைக்கோபாக்டீரியாக்கள் குளோரினுக்கும் எளிதில் சாவதில்லை. ஃபில்டர் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஃபில்டர் செய்துவிட்டால் கிருமியே இல்லை என்று ஆகாதாம். டிஸ்டில்டு வாட்டரும் திறந்து வைத்துவிட்டால் அப்படித்தான்.

என்னை ரொம்ப வருத்தப்பட வைத்தது இன்னொன்று. நெபுலைசர் கிண்ணத்தை நான் தினமும் கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதன் பிறகு குழாயைத் திறந்து ஒரு அலசு அலசி, ஈரத்தோடே டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். ஐந்து நிமிடம் நெருப்பு செய்த வேலையை அந்த ஒரு அலசு கெடுத்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு முறை மருந்து முடிந்ததும் கிண்ணம், வாய்க்குழாய் எல்லாவற்றையும் பிரித்து, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவுகிறேன். மருந்துப் பிசுக்கு இருந்தால் கொதிநீர் கூடச் சரியாக வேலை செய்யாது. பிறகு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கொதி. எந்தப் பாகம் கொதியைத் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் போட்டதில் ஒரு மாஸ்க் வளைந்தே போய்விட்டது. மாஸ்க்கை இப்போது 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊறவைத்து, 5 நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுகிறேன். ஸ்பிரிட்டும் பயன்படுத்தலாம் என்றார்கள். ஆக்சிஜன் ஓடுகிற வீட்டில் தீப்பற்றும் பொருள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வினிகரை நம்ப வேண்டாம்.

பாட்டிலுக்குத் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, கழுவி, காயவைத்து, பாட்டிலில் போட்டிருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு நடுவில் நிற்கும்படி புதுத் தண்ணீர். மிச்சத்தின் மேல் ஊற்றுவது இல்லவே இல்லை. நெபுலைசர் டியூபைத் தண்ணீரில் முக்குவதில்லை. உள்ளே ஈரம் தெரிந்தால் மருந்துக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டால் காற்றே காயவைத்துவிடும்.

இதில் கஷ்டமான வேலை கழுவுவது இல்லை, காயவைப்பது. கிண்ணத்துக்குள் ஒரு சின்னக் கூம்பு இருக்கிறது. அதன் அடியில் ஒரு துளி தங்கிவிடும். கவிழ்த்து வைத்தாலும் விழாது. நன்றாக உதறி, சுத்தமான துணியில் பரப்பி, பாத்திரம் கழுவும் தொட்டியின் தெறிப்பு படாத இடத்தில் வைக்கிறேன். முழுசாகக் காய நேரம் வேண்டுமே என்று இரண்டாவது செட் வாங்கினேன். உங்களால் முடிந்தால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அவசரத்தில் ஈரக் கிண்ணத்தை எடுக்கும் பழக்கம் அன்றோடு நின்றது.

இப்போதெல்லாம் மருந்து ஊற்றும் முன் அப்பாவே கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கூம்படியில் ஒரு துளி மினுங்கினாலும், "இன்னும் காயலைம்மா, அடுத்ததைக் குடு" என்று திருப்பித் தந்துவிடுகிறார்.